சோளகம் வரும் பக்கம்

என் மச்சாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை மூடினாலும் அதற்குச் சொல்லிவிட்டுத்தான் மூடுவாள். கோழிக்கூட்டைச் சாத்தும்போது கோழிகளுக்குச் சொல்வாள். அடுப்பை அணைக்கும்போது அடுப்புக்குச் சொல்வாள். ஒழுங்கையில் ஒரு குருவிகூட இல்லாவிட்டாலும், வாசல் படலையைக் கட்டும்போது, "கட்டுறன், சரியோ?" என்பாள். கலியாணம் முடித்து அந்தக் குடும்பத்துக்குப் போன புதிதில், இவளுக்கு மண்டையில் ஏதோ குறை என்றுதான் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. இப்போது பானையை மூடும்போது என் வாயும் ஏதோ முணுமுணுக்கிறது. அது அவளிடம் தொற்றியது.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கோப்பாயில் அவள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தோம். அவள் என்னை மச்சாள் என்பாள், நானும் அவளை மச்சாள் என்பேன். பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "என்னைப் பற்றி ஊருக்குக் கதை சொல்லுறியளோ?" என்று கேட்கக்கூடியவள்.

நான் மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை வைத்தவள். ஆனால் கண்டதைக் கண்டபடி சொல்வதற்கு எனக்கு ஒருவரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஆறுதலாகவே சொல்கிறேன்.

மச்சாளுக்கு ஒரே மகள், வதனி. அந்தப் பிள்ளைக்கு வேர்க்காது. கைக்குழந்தையாக இருந்தபோது சித்திரை பிறந்தால் போதும், உடம்பு அடுப்பில் வைத்த சட்டியாகக் கொதிக்கும். காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் இறங்காது. கோயில் கோயிலாக நேர்ந்தோம். கடைசியில் பட்டணத்தில் ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, வேர்வை வருகிற துவாரங்கள் இந்தப் பிள்ளைக்குச் சரியாக அமையவில்லை என்றார். மருந்து இல்லை. சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏறினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். அவ்வளவுதான் அவர் சொன்னது. மச்சாள் அழவில்லை. "அப்ப குளிராய் வைச்சிருந்தால் பிள்ளை வளருவாள்தானே ஐயா?" என்று கேட்டாள். டொக்டர் ஓம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிள்ளையை வளர்த்தாள்.

அவளின் புருஷன் சவுதியில் வேலை செய்தார். எண்பத்தைந்தாம் ஆண்டளவில் அங்கிருந்து ஒரு ஏசியைக் கப்பலில் அனுப்பினார். எங்கள் குறிச்சியில் அதற்குமுன் ஒருவர் வீட்டிலும் ஏசி இல்லை. லொறியில் வந்து இறங்கியபோது ஒழுங்கை நிறையச் சனம். பூட்டுவதற்குப் பட்டணத்திலிருந்து வந்த பொடியன் அறையைச் சுற்றிப் பார்த்தான். வடக்குச் சுவரைத் தட்டினான்.

"உதிலை வெட்டுவம் அக்கா. வெயிலும் படாது, மாமர நிழலும் கிடக்கு."

எங்கள் பக்கத்தில் சுவரில் ஒரு ஓட்டை போடுவதென்றாலும் சாத்திரியாரைக் கேட்காமல் போடமாட்டோம். வாசலுக்கு, யன்னலுக்கு, கிணற்றுக்கு எல்லாவற்றுக்கும் நிலையம் பார்க்கவேண்டும். ஏசிக்கு என்ன நிலையம் என்று அவருக்கும் தெரியாது. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"இது வாசலோ, யன்னலோ?"

"காத்து வாறது ஐயா," என்றாள் மச்சாள்.

"அப்ப யன்னல்தான். வடக்குச் சுவர் ஆகாது. மேற்குச் சுவரிலை, தெற்கு மூலையை ஒட்டி வெட்டுங்கோ."

பொடியன் தலையில் கைவைத்தான். "பின்னேர வெயில் முழுக்க இதின்ரை முதுகிலைதான் விழும். இது குளிருமோ, வேகுமோ?"

"நீ பூட்டு தம்பி. வெயிலுக்கு நான் பந்தல் போடுறன்."

சொன்னபடி ஓலையால் ஒரு பந்தல் போட்டாள். ஏசியும் முனகி முனகி ஓடியது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வருகிற அந்தப் பொடியன், வரும்போதெல்லாம், "பழுதுபட்டால் என்னைக் கூப்பிடாதேங்கோ, சாத்திரியாரைக் கூப்பிடுங்கோ," என்பான். மச்சாள் சிரித்துக்கொண்டு அவனுக்கு மோர் கொடுப்பாள்.

நவராத்திரி, வாணிவிழா முடிந்தால் எங்கள் பக்கத்தில் மழை தொடங்கிவிடும். பிறகு மாசி முடியும் வரைக்கும் ஏசிக்கு வேலை இல்லை. எல்லோரும் என்ன செய்வார்கள்? சுவிட்சை நிற்பாட்டிவிட்டு விடுவார்கள். மச்சாள் அப்படிச் செய்யமாட்டாள். விஜயதசமியன்று காலையில் ஏசியின் முன்வலையைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைப்பாள். திரும்பப் போட்டு, குளிரை நிற்பாட்டி, வெறும் காற்றை மட்டும் மத்தியானம் வரைக்கும் ஓடவிடுவாள். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது பொடியன் சொன்னது. அதற்குப் பிறகு நடப்பது அவளுடையது. ஏசிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"வெயில் முடிஞ்சுது. நீ படு. பங்குனியிலை எழுப்புறன்."

கிளிக் என்று திருப்புவாள். வயரைக் கழற்றி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பின்னலைப்போல மடித்துக் கட்டுவாள். பலாப்பழத்தை அணில் கொத்தாமல் தென்னோலையில் குடலை பின்னிக் கட்டுவோமே, அதேமாதிரி ஒரு பெரிய குடலை பின்னி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஏசியின் முதுகுக்குப் போடுவாள். பொலித்தீன் சுற்றச் சொல்லி என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார்.

"பொலித்தீன் சுத்தினால் உள்ளுக்கை வேர்த்து ஒழுகும் அண்ணை."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற வதனி, "எனக்கு வராத வேர்வை அதுக்கெண்டாலும் வரட்டுமே மாமா," என்றாள். அவளுக்கு அப்போது ஆறேழு வயது. நாங்கள் சிரித்தோம். மச்சாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையின் உச்சந்தலையில் கைவைத்துப் பார்த்தாள். அந்தக் கை எந்த நேரமும் அப்படித்தான், சூடு பார்த்துக்கொண்டே இருக்கும்.

எழுப்புவது பங்குனி மாதத்து முதல் திங்கட்கிழமையில். கோயிலில் பொங்கிவிட்டு வந்து, புக்கையில் ஒரு துளியை ஏசிக்கு முன்னால் வைப்பாள். குடலையை அவிழ்ப்பாள். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஈர்க்கால் குத்திப் பார்ப்பாள். வலையைக் கழுவுவாள். பிறகு, "எழும்பு," என்று சொல்லி, முதலில் காற்றை மட்டும் விடுவாள்.

"குளிரைப் போடன், பிள்ளை காத்துக்கொண்டு நிக்கிறாள்," என்பேன் நான்.

"நித்திரையாலை எழும்பினவளுக்கு உடனை வேலை சொல்லுறதே மச்சாள்? முகம் கழுவட்டும்."

ஒரு பங்குனியில் குடலையை அவிழ்த்தபோது உள்ளே அணில் குஞ்சு போட்டிருந்தது. கண் திறக்காத குஞ்சுகள். தும்பும் பஞ்சும் சேர்த்து, ஏசியின் முதுகோடு ஒட்டி மெத்தை கட்டியிருந்தது. மச்சாள் குடலையை மெதுவாகத் திரும்பப் போட்டாள்.

"என்னடி செய்யிறாய்?"

"நான்தானே சொல்லாமல் அவிழ்த்தனான். அதுகள் வளரட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குப் பிள்ளையோ, அணிலோ?"

அவள் கிணற்றடிக்குப் போய், வாழைகளுக்கு நடுவில் ஒரு சாக்குக்கட்டிலைப் போட்டாள். இரண்டு பக்கமும் சணல் சாக்கைத் தொங்கவிட்டு, துலாவால் தண்ணீர் அள்ளி நனைத்தாள். வதனி உள்ளே இருந்து பாடம் படித்தாள். அணில் குஞ்சுகள் ஓடித் திரியும்வரை பிள்ளை அங்கேதான் இருந்தாள். தாய் பகல் முழுக்கத் துலாவோடு நின்றாள். அவளின் உள்ளங்கை கொப்புளித்தது. நான் கோபம் காட்டிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போய், பின்னேரத் தண்ணீரை நான் அள்ளினேன்.

எதையும் சொல்லாமல் மூடமாட்டேன் என்கிற இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். அவளின் புருஷன் முதல்தரம் சவுதிக்குப் போன அன்று, இவள் அழுவாள் என்று பயந்து, இவள் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துப் புறப்பட்டுவிட்டார். நல்ல மனிதர். ஆனால் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவர்கூட "போட்டு வாறன்" என்றுதான் படி இறங்குவார். இவள் தண்ணீர்க் குடத்தோடு வந்து பார்த்தபோது படலை திறந்து கிடந்தது. இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அவள் என்னிடம் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் திரும்பச் சண்டை தொடங்கியது. கறண்ட் நின்றது. ஏசி நடு வெயில் காலத்தில், ஓடிக்கொண்டிருந்தபடியே நின்றது. மச்சாள் அதற்கு முன்னால் போய் நின்றாள். வலையில் தூசி, உள்ளே ஈரம், குமிழ் குளிரில் திரும்பியபடி.

"சொல்லாமல் போட்டுது," என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு வருமாம், சுன்னாகத்துப் பவர்ஹவுசிலை திருத்தினமாம்," என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். நாளைக்கு நாளைக்கு என்று நாட்கள் போயின. வதனிக்கு அப்போது பதினொரு வயது. கிணற்றடியில் வைத்திருக்கலாம் என்றால், மேலே ஹெலி சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியில் தலைகாட்டப் பயம். அறைக்குள் பாயில் படுத்துக் கிடந்தாள். நானும் மச்சாளும் மாறி மாறி விசிறினோம். ஈரத்துணி போட்ட கையோடு காய்ந்தது. ஒரு மத்தியானம் பிள்ளையின் கண் மேலே சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. நான் கத்திவிட்டேன். மச்சாள் கத்தவில்லை. வாளித் தண்ணீரை அப்படியே பிள்ளைமேல் ஊற்றினாள். இழுப்பு நின்றது. பிள்ளை மூச்சு விட்டாள்.

மச்சாள் எழும்பிச் சுவரைப் பார்த்தாள். "அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மச்சாள். ஏசியைக் கழட்டுவம்."

என் வீட்டுக்காரர் வந்து மறித்தார். "எடி பிள்ளை, நாளைக்குக் கறண்ட் வந்தால் என்ன செய்வாய்? திரும்பப் பூட்ட ஆர் இருக்கினம்? அந்தப் பொடியன் எங்கை எண்டே தெரியாது."

அவளுக்கும் அது தெரியும். கழற்றினால் கறண்ட் வராது என்று தானே ஒப்புக்கொண்டமாதிரி. அவள் ஏசியின்மேல் கையை வைத்தாள்.

"நீ படு. உன்னை ஒழுங்காய்க் காயவைக்க வழியில்லை, குறை நினையாதை. வந்த உடனை எழுப்புறன்."

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். ஆட்டுக்கல்லைத் தூக்கியதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் பின்பக்கப் பாரம் தாங்காமல், "சாத்திரியார் இதைத் தூக்கவும் ஒரு நாள் குறிச்சுத் தந்திருக்கலாம்," என்றார். ஏசி வெளியே வந்ததும் சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது.

ஆனி மாதம். சோளகம் தென்மேற்கிலிருந்து பனைகளை வளைத்துக்கொண்டு அடிக்கிற காலம். வடக்குச் சுவரில் வெட்டியிருந்தால் ஒரு மூச்சுக் காற்று வந்திராது. சாத்திரியார் யன்னல் என்று நினைத்துச் சொன்ன இடம், சோளகத்துக்கு நேரே திறந்தது. ஐந்து வருஷம் ஊரே சிரித்த ஓட்டை. மச்சாள் ஒரு சாக்கை நனைத்து அந்தச் சதுரத்தில் தொங்கவிட்டாள். சாக்குக்குள்ளால் வந்த காற்று மழைக்காற்றைப்போல இருந்தது, சணல் மணத்தோடு. வதனி கண் திறந்து, "அம்மா, கறண்ட் வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம். சொல்லிப்போட்டு வந்திருக்கு," என்றாள் மச்சாள்.

அதற்குப் பிறகு துலாவும் சாக்கும்தான். சோளகம் இல்லாத பங்குனி, சித்திரையில் சாக்குக்குப் பின்னால் ஒரு பாயைக் கயிற்றில் கட்டி, நானும் அவளும் மாறி மாறி இழுப்போம். ஐப்பசியில் ஓட்டையைப் பலகையால் அடைப்பாள், "வாடைக்காத்து வருகுது, மூடுறன்," என்று சொல்லி. ஏசி அறை மூலையில் மேசைமேல் குடலையோடு இருந்தது. முதல் பங்குனித் திங்களில் அதையும் அவிழ்த்து, வலையைக் கழுவி, நிழலில் காயவைத்து, திரும்பப் போடுவாள். "எழும்பு" என்று மட்டும் சொல்லமாட்டாள்.

"ஓடாத சாமானுக்கு என்னடி கழுவல்?" என்று கேட்டேன்.

"ஓட வரேக்கை ஊத்தையோடை ஓடக்கூடாது மச்சாள்."

பொம்பர் வந்தால் எல்லோரும் பங்கருக்குள் ஓடுவோம். எங்கள் பங்கர் வேலியோரத்தில், பனங்குற்றி போட்டு மண்மூடை அடுக்கிக் கட்டியது. இரண்டு வீட்டு ஆட்களும் இறங்கினால் உள்ளே அவிச்சல். மச்சாள் இறங்கமாட்டாள்.

"வாவடி, தலைக்குமேலை வந்திட்டான்!"

"உள்ளுக்கை பிள்ளைக்கு ஏலாது. நீங்கள் இருங்கோ."

பிள்ளையை ஈரச்சாக்குக்குக் கீழே படுக்கவைத்து, தான் அவளுக்குமேல் குனிந்து இருப்பாளாம். ஒருநாள் குண்டு பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. எங்கள் பங்கருக்குள் மண் கொட்டியது. சத்தம் அடங்க நான் பொட்டுக்குள்ளால் ஓடினேன். அறை முழுக்கப் புழுதி. மச்சாளின் தலை வெள்ளையாக இருந்தது. அவள் கை பிள்ளையின் உச்சந்தலையில்.

"சூடு ஏறேல்லை," என்றாள் என்னிடம். குண்டு விழுந்தது அவளுக்கு இரண்டாவது கதை.

அன்று பின்னேரமே என் வீட்டுக்காரரை மண்வெட்டியோடு கூட்டிவந்தாள். பங்கருக்கு இன்னொரு வாய் வெட்டச் சொன்னாள், சோளகம் வருகிற பக்கமாக.

"பங்கருக்கு யன்னல் வைக்கிற பொம்பிளையை நான் எங்கையும் காணேல்லை," என்று அவர் முணுமுணுத்தார்.

"சாத்திரியாரைக் கேட்டனான் அண்ணை, நிலையம் சரியாம்," என்றாள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. சாத்திரியார் செத்து அப்போது இரண்டு வருஷம். புது வாயில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள். பிறகு எங்கள் பங்கர்தான் ஒழுங்கையிலேயே குளிரான பங்கர். அடுத்த வளவுக்காரரும் ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு எங்களிடம் ஓடிவருவார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமி நெருங்கி வருவதால் எல்லோரும் உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பின்னேரம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. சைக்கிளில் அரிசியும் பானையும் கட்டி, படலையடியில் நின்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் கத்தினார். வதனி பதினாறு வயதுக் குமர், குடையோடு நின்றாள். மச்சாளைக் காணவில்லை.

உள்ளே போனேன். மேசையில் ஏசிக்குப் புதுக் குடலை போட்டுக்கொண்டு நின்றாள்.

"உனக்கு விசரே? சனம் முழுக்கப் போட்டுது!"

"சொல்லாமல் போகச் சொல்லுறியளோ?"

கயிற்றை இரண்டு பக்கம் இறுக்கினாள். மூன்றாவது பக்கத்தைக் கட்டவில்லை. கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டாள். சுவரின் பலகையிலும் ஒன்றைக் கழற்றி வைத்தாள். என் மச்சாள் ஒன்றை அரைகுறையாக மூடி நான் பார்த்தது அதுதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அணில் குஞ்சு போட வரும்," என்றாள். "ஆரெண்டாலும் இருக்கட்டும்."

பிறகு ஏசியின்மேல் கையை வைத்தாள். "போட்டு வாறம்," என்றாள். சாக்கைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

தென்மராட்சிக்குப் போகிற பாலத்தடியில் சனம் நெருக்கி நின்றது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. அத்தனை உடம்புகளின் அவிச்சலில் வதனியின் முகம் சிவந்து வந்தது. மச்சாளின் கை மகளின் உச்சந்தலையைவிட்டு எடுபடவில்லை. அப்போது மழை கொட்டியது. எல்லோரும் மழையைத் திட்டினார்கள். மச்சாள் மகளின் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினாள். பிள்ளையின் முகத்தை வானத்துக்கு நிமிர்த்திப் பிடித்தாள். நனைந்த சாக்கை விரித்து அவளின் தோளில் போட்டாள். நடந்தோம்.

மீசாலையில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. விறாந்தை, மால், கொட்டில் எல்லாம் சனம். முன்னுக்கு வந்தவர்கள் நல்ல இடத்தைப் பிடித்துப் பாய் விரித்துவிட்டார்கள். வீட்டுக்கார அக்கா பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றா.

"எங்கையெண்டாலும் பாத்துப் படுங்கோ பிள்ளையள். நான் என்ன செய்ய?"

மச்சாள் நாலு பக்கமும் பார்த்தாள். "அக்கா, உங்கை சோளகம் எந்தப் பக்கத்தாலை அடிக்கும்?"

"சோளகமோ? ஐப்பசியிலை நிண்டுகொண்டு சோளகத்தைக் கேக்கிறாய். வாடை எல்லோ தொடங்கப் போகுது. சோளகத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு!"

"அது வரும்தானே அக்கா."

அக்கா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினா. வீட்டின் பின்புறம், தென்மேற்கு மூலையில் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தி. அதற்குள் விறகு அடுக்கியிருந்தது. அதனால் அந்த இடத்தை ஒருவரும் எடுக்கவில்லை. மச்சாள் சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டாள். சீலையை வரிந்து கட்டினாள். முதல் விறகைத் தூக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி வைக்கிறன், சரியோ?" என்று அந்த விறகுக்குச் சொன்னாள்.